அம்மிணி என்கிற ஃபைல்

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருள் வந்தாலும் ஷிஜி முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பாள். சோப்பு, பிஸ்கட், இருமல் மருந்து, குக்கர், எதுவானாலும் சரி. முன்பக்கத்துப் படத்தை அவள் பார்த்து நான் கண்டதில்லை. பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற தேதி, நம்பர், செய்த இடம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த மறுநாள், என் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய்க் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடித்தாள். மூடி சரியாக இறுகவில்லை. எண்ணெய் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. அப்போதும் கடைசி வரியை வாசித்து முடித்த பிறகே நிமிர்த்தினாள்.

ஷிஜி என் வீட்டுக்காரர் சஜுவின் தங்கை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து, நான் கேரளத்துப் பாறசாலைக்கு வந்தபோது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அது நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவளுடைய அந்தப் பழக்கம் கொஞ்சமும் குறையவில்லை. சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு யாரோ கொடுத்த ஊறுகாய்க் குப்பியைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, "இது போன வருஷத்த பண்டிகைக்கு வந்ததாக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். கல்யாணம் பேசி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, காப்பியைக் குடித்து முடித்த கையோடு டம்ளரைக் கவிழ்த்து அடியில் வெட்டியிருந்த பேரை வாசித்தாள். மாமி, அதாவது அவளுடைய அம்மா சுகுமாரி, தலையில் கைவைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஜித்தின் இப்போது மஸ்கட்டில் வேலையாக இருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம், "என்னயும் திருப்பி நிறுத்தித் தேதி பாத்துட்டாக்கும் கெட்டினா" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் அங்கே இருப்பதாலும் ஆபீஸ் இங்கிருந்து பக்கம் என்பதாலும் ஷிஜி எங்களோடுதான் இருக்கிறாள்.

ஆபீஸ் நெய்யாற்றின்கரையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ரத்தம், மூத்திரம் பரிசோதிக்கிற சின்ன லேபுகளுக்கு ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர் செய்வது அவர்கள் தொழில். அதியன்னூர், ஆரியங்கோடு, அம்பூரி வரைக்கும் நாற்பத்துமூன்று லேபுகள் அதை வைத்திருக்கின்றன. ஷிஜி சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போவாள், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. அவள் மேசையும் என் தையல் மெஷினும் ஒரே அறையில். நான் ஜாக்கெட் தைப்பவள். அவள் ஃபோனில் பேசுவது எல்லாம் என் காதில் விழும். முதலில் ஒன்றும் புரியாது. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் புரிந்தது. புரியாததைக் கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் நான் மெஷினை மிதிக்காமல் நிறுத்தினால், கேட்க வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளே சொல்லுவாள்.

அப்படித் தெரிந்துகொண்டதுதான் இது. சாஃப்ட்வேரை யாரும் முழுவதும் தானே எழுதுவதில்லை. வேறு யாரோ எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டு ஒன்றில் திருடன் நுழைகிற மாதிரி ஓட்டை இருந்தால், அதை எடுத்த எல்லோர் வீட்டிலும் ஓட்டை. கண்டுபிடித்த ஓட்டைக்கெல்லாம் வருஷமும் வரிசை எண்ணும் சேர்த்து ஒரு நம்பர் கொடுத்து, உலகமே பார்க்கிற மாதிரி பட்டியல் போடுகிறார்கள். எவ்வளவு மோசம் என்று பத்துக்கு இத்தனை மார்க்கும் உண்டு. நம்மிடம் இருக்கிற துண்டின் பேரும் பதிப்பு எண்ணும் தெரிந்தால் பட்டியலில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையை முதலாளி கிருஷ்ணன்குட்டி சார் ஷிஜியிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் கவிழ்த்துப் பாக்கிற ஆளு நீதானே" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். சார் மலையாளத்தில்தான் பேசுவார். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். அதற்கு முன்பு அவள் ஃபோன் சீட்டில் இருந்தாள். காலை ஏழரை மணிக்கே ஒவ்வொரு லேபிலிருந்தும் விளி வரும். பிரிண்ட் வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, கரண்ட் போய் வந்தபின் ஸ்க்ரீன் நீலமாக இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவளைத் திட்டுவார்கள். ஆறு வருஷத்துக்கு மேல் அந்தத் திட்டு வாங்கினாள். காதில் ஹெட்ஃபோன் பட்டை அழுத்தின தழும்பு இப்போதும் லேசாக உண்டு. ஓட்டை பார்க்கிற வேலைக்கு வந்த பிறகுதான் அவள் வேலை நேரத்தில் பாட்டு முணுமுணுப்பதை நான் கேட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் கையால்தான் பார்த்தாள். துண்டுகளின் பேரை ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் பட்டியலில் தட்டித் தேடுவாள். இப்படி இருக்கும்போதுதான், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவர்கள் சாஃப்ட்வேரை எடுக்க விருப்பம் தெரிவித்தது. ஒரே ஒரு கேள்வியும் கேட்டது. ஓட்டை பார்க்க நீங்கள் எந்த டூல் வைத்திருக்கிறீர்கள்? நோட்டு என்று பதில் சொல்ல முடியாது.

சார் வீடியோவில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஷிஜி, ரெண்டு வாரம். ஒரு டூல் நீ தேர்ந்தெடுத்துச் சொல்லு. சரியா அமைஞ்சா அந்த மேசை முழுக்க உனக்கு. இல்லன்னா இந்த வேலையை வெளிய ஒரு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டி வரும். ஃபோன் சீட்டுல இப்பவும் ஆள் குறைவு அல்லே."

அவள் "சரி சார்" என்றாள். பிறகு மேசை மேல் கிடந்த பேனாவைக் கவிழ்த்து அதன் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று டூலை எடுத்துப் பார்த்தார்கள். முதலாவதைக் கொண்டுவந்தது அஜின். அவளோடு வேலை செய்கிற பையன், இருபத்தாறு வயது, எதற்கும் அவசரம். அந்த டூலைத் திறந்தால் ஸ்க்ரீன் கிறிஸ்மஸ் நட்சத்திரம் மாதிரி இருக்கும். வட்டம், கோபுரம், சிவப்பு, மஞ்சள், எல்லாம் சுற்றும். ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காட்டியதும் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டை என்று சொன்னது.

"சேச்சி, பாத்தீங்களா, நானூத்திப் பன்னெண்டு!" என்று அஜின் ஃபோனில் கூவினான்.

"நானூத்திப் பன்னெண்டு ஓட்டை இருந்தா நம்ம ஆபீஸ் இந்நேரம் சல்லடையாயிருக்கும்லா எலே. நீ ஒண்ணொண்ணா பாத்தியா?"

"அத நான் எப்பிடி பாக்க? அதுக்குத்தானே டூல்."

"அப்போ நான் பாக்குதேன்."

நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஒரே ஓட்டையை ஐந்து இடத்தில் எண்ணியிருந்தது. எடுத்துச் சேர்த்தும் இவர்கள் உபயோகிக்கவே செய்யாத பகுதிகளையும் எண்ணியிருந்தது. மிச்சத்தில் முக்கால்வாசியும் ஏற்கனவே அடைத்த ஓட்டைகள். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை சாஃப்ட்வேர் தருகிறவர்கள், பதிப்பு எண்ணை மாற்றாமல் உள்ளே ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்புவார்களாம். டூல் பழைய எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிட்டது. இது எனக்கு உடனே விளங்கியது. கிழிந்த பாவாடைக்கு உள்பக்கமிருந்து ஒட்டுப் போட்டால் இடுப்பில் இருக்கிற லேபிள் பழைய லேபிள்தானே. லேபிளைப் பார்த்துத் துணி கிழிசல் என்று சொல்ல முடியாது.

கடைசியில் உண்மையான ஓட்டை பத்தொன்பது மட்டும். இரண்டாவது டூல் ஐம்பத்தேழு சொன்னது. அதில் இந்தப் பத்தொன்பதும் இருந்தன. மற்றவற்றுக்கு எதிரே, இது அடைக்கப்பட்டிருக்கலாம், இது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்று குறிப்பும் இருந்தது. பட்டியலில் எங்கே பார்க்க வேண்டும் என்று இணைப்பும் கொடுத்தது. மூன்றாவது டூலில் படமே இல்லை. கறுப்பு ஸ்க்ரீனில் வெள்ளை எழுத்து. ஓடி முடிக்க முக்கால் மணி நேரம். "இதுக்கு அழகும் இல்ல, வேகமும் இல்ல" என்று ஷிஜி அதை ஓரத்தில் வைத்துவிட்டாள். சாருக்கு முதலாவதுமேல்தான் கண். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட அழகாக இருக்கும் என்றார். ஷிஜி இரண்டாவதுதான் நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாரிடம் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலையில் அஜின் விளித்தான். "சேச்சி, நமக்க சொந்த சாஃப்ட்வேரையும் முதல் ரெண்டு டூல்லயும் போட்டுப் பாத்தேன். ரெண்டிலயும் பச்சை. கிளீன்!"

"மூணாவது?"

"அதுக்கு முக்கால் மணிக்கூர் வேணும். நான் சாயா குடிக்கப் போறேன்."

அவள் சிரித்தாள். மேசை மேல் தாளம் போட்டாள். வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது.

மத்தியானம் மாமி அதியன்னூர் லேபுக்குப் போய்விட்டு வெறும் கையோடு வந்தார். காலையில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். ரிப்போர்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "உனக்க சாஃப்ட்வேர் எனக்க ரத்தத்தைக் குடிச்சிட்டு மிண்டாம இருக்கு" என்று ஷிஜியைப் பார்த்துச் சொன்னார். ஷிஜி அந்த லேபுக்கு ஃபோன் செய்தாள். சுகுமாரி என்று யாரும் இல்லை என்றது எதிர்ப்பக்கம்.

"அம்மா, காலையில என்ன பேரு சொன்னீங்க?"

"பேரு கேட்டா. தங்கம்னு சொன்னேன்."

"தங்கம் வீட்டுல விளிக்கிற பேருல்லா?"

"பின்ன? அந்தக் கவுண்டர்ல இருந்தது நமக்க லிஜி. சபையில எனக்குப் பின் பெஞ்சுல இருக்கிறவ. அவகிட்ட போய் சுகுமாரின்னா சொல்லுவாவ? ஏதோ கேஸுக்குப் போன மாதிரி. மத்தியானம் இருந்தது தெரியாத பையன், அவங்கிட்ட சுகுமாரின்னேன்."

இது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஞானஸ்நானத்துக்கு ஒரு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், வீட்டில் விளிக்க ஒரு பேர். ஒரு மனுஷர் வீட்டுக்குள் வந்துவிட்டால் வெளிப்பேர் வாசலோடு நின்றுவிடும். தங்கம் என்று தேடச் சொன்னதும் ரிப்போர்ட் இருந்தது. சர்க்கரை நூற்று நாற்பது. ஷிஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். திடீரென்று அவள் நிறுத்திவிட்டாள்.

சாயங்காலக் காப்பிக்குப் புது பிஸ்கட் பாக்கெட் பிரித்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்க்காமல் தின்றாள். அப்போதே எனக்குத் தெரிந்தது, ஏதோ நடந்திருக்கிறது.

நான் பின்பக்கம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மைனி, நமக்க அம்மிணியை ஓர்மை உண்டா?"

"தொழுத்துல நின்ன பசுவா?"

"நான் ஆபீஸ்ல சேந்த மொத வருஷம். ரிப்போர்ட்டைப் பேப்பர்ல அடிக்கிற வடிவுக்கு மாத்தணும். அதுக்கு வெளியில ஒரு ஃபைல் இருந்து. எடுத்துச் சேத்தேன். சார் பாத்துட்டு, லேப்காரங்க தொறந்தா வேற யாருக்க பேரோ கெடக்கும், எல்லாத்தையும் நமக்க பேரா மாத்துன்னு சொன்னாரு. நான் மாத்தினேன். என்ன பேரு வைக்கன்னு தெரியல்ல. அப்போ தொழுத்துல அம்மிணி அம்மான்னு கரைஞ்சுக்கிட்டு நின்னா. அம்மிணின்னு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"மேல ஒரு வரியில எழுதினவருக்க பேரு, பதிப்பு நம்பர் எல்லாம் இருந்து. அதையும் அழிச்சு மாய்ச்சேன். பாக்க விருத்தியா, சுத்தமா இருக்கட்டும்னு. நான் மாய்ச்சேன் மைனி. எல்லாத்துக்கும் பின்னால நம்பர் பாக்கிற நான்."

"அதுல ஓட்டை உண்டா?"

"மதியம் பழைய பேரை ஓர்மிச்சு எடுத்துப் பட்டியல்ல தட்டினேன். மூணு உண்டு. ஒண்ணு பத்துக்கு ஒம்பதர மார்க்கு. விவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்னே பிசகா எழுதி ரிப்போர்ட் கேட்டா, அடுத்த ஆளுக்க ரிப்போர்ட்டும் அவனுக்குக் கிட்டும். நாப்பத்திமூணு லேபிலயும் கெடக்கு."

டூல் இரண்டும் அதைப் பார்க்காததன் காரணமும் சொன்னாள். அவை பேரைத்தான் தேடுகின்றன. சுகுமாரி என்று தேடினால் தங்கம் கிடைக்க மாட்டாள்.

நான் உரித்த மரச்சீனியைத் தண்ணீரில் போட்டேன்.

"ஓட்டை அடைச்ச புது ஃபைலை அதே பேருல மாத்திப் போட்டா தீர்ந்து. யாருக்கும் தெரியாது. ரெண்டாவது டூல்னு வெள்ளிக்கிழமை சொல்லலாம், இந்த மேசையும் எனக்கே நிக்கும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னாள்.

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன். சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அவளே தொடர்ந்தாள். "ஆனா அம்மிணியைக் காணாத டூலு வேற யாரு ஒளிச்சு வச்சதையும் காணாதில்லா. அஜின் எத்தன மாத்தினானோ. அவனுக்கு முன்ன இருந்தவன் எத்தன மாத்தினானோ." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது டூலுக்கு அம்மிணியைக் காட்டினாள். கறுப்பு ஸ்க்ரீன். முக்கால் மணி நேரம். நான் மரச்சீனியை வேகவைத்து இறக்கி, மிளகாய் அரைத்து முடித்தேன். அப்போது அவள் "மைனீ" என்று விளித்தாள். போய்ப் பார்த்தேன். அம்மிணி என்ற பேருக்கு எதிரே அவள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாய்த்த பேர், மாய்த்த பதிப்பு நம்பர், அடியில் மூன்று ஓட்டையின் எண்கள். அந்த டூல் பேரைப் பார்ப்பதில்லையாம். ஃபைலின் உள்ளே எழுதியிருப்பதை எடுத்து, கைரேகை மாதிரி ஒன்று உண்டாக்கி, தன்னிடம் இருக்கிற ரேகைகளோடு ஒத்துப் பார்க்குமாம். மேலே ஒரு வரி மாய்த்திருந்தாலும், உள்ளே மிச்சம் எல்லாம் அப்படியே இருந்ததால் அகப்பட்டுக்கொண்டது.

"மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டு" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று அந்த முகத்தில் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எது நல்ல டூல் என்று அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லாமல் தெரியும். எப்படித் தெரியும் என்று சார் கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ஃபோன் சீட்டு.

வியாழக்கிழமை முழுவதும் எழுதினதை அழித்துத் திரும்ப எழுதினாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் சாரும் அஜினும் வந்தார்கள். நான் மெஷினில் ஊசி கோர்க்கிற பாவனையில் இருந்தேன்.

ஷிஜி மூன்று டூலையும் பற்றிச் சொன்னாள். பிறகு, "நமக்குள்ள கெடக்கிற ஒரு பழைய ஃபைலை மூணுக்கும் காட்டினேன். மூணாவது மட்டும்தான் கண்டுது" என்று ஸ்க்ரீனைக் காட்டினாள்.

"அம்மிணியா?" என்றார் சார். "அது என்ன பேரு? அஜினே, உனக்க வேலையா?"

"அய்யோ சார், நான் வரும்போதே அம்மிணி உண்டு. நான் இத்தன நாளும் அது உங்க வீட்டுல சேச்சிக்க பேருன்னு நெனச்சு தொடாம இருந்தேன்."

"எனக்க வீட்டுக்காரிக்க பேரு சாந்தாடா!"

சிரிப்பு அடங்கியது. சார் கேட்டார். "அப்போ யாரு வச்சது?"

"நானாக்கும் சார்," என்றாள் ஷிஜி. "மொத வருஷம். பேரும் நானே மாத்தினேன். பதிப்பு நம்பரையும் நானே மாய்ச்சேன். அதுதான் எனக்குத் தெரியும்."

ஸ்க்ரீனில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மாமி துணி எடுக்க அறைக்குள் வந்தவர், அம்மிணி பேர் காதில் விழுந்திருக்கிறது, நேராகக் கேமரா முன்னால் போய் நின்றார்.

"அம்மிணியை வித்து ஆறு வருஷம் ஆச்சே சார். இப்ப யாரு கேக்கிறா?"

"அம்மா!" என்றாள் ஷிஜி.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நல்ல பசுவா அம்மே?"

"பாவம் பசுவாக்கும். ரெண்டு நேரமும் மும்மூணு லிட்டர் கறக்கும்."

"இங்கயும் ஒம்பது வருஷம் கறந்திருக்கா" என்றார் சார். அஜின் வாயைப் பொத்திக்கொண்டான். மாமி விஷயம் புரியாவிட்டாலும் பெருமையாகப் போனார்.

ஆனால் சார் அதோடு விடவில்லை. குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "பேரை மாத்தச் சொன்னது நான். நம்பரை மாய்க்க நான் சொல்லல்ல. நாப்பத்திமூணு லேபிலயும் நீயே மாத்தணும். ஆஸ்பத்திரிக்கும் நீயே எழுதணும், ஒளிக்காம. அவங்க வேண்டாம்னு சொன்னா உனக்க மேசையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி சார்."

பாதி லேபுகளுக்கு வீட்டில் இருந்தே மாற்றிவிட்டாள். நெட் சரியில்லாத இடங்களுக்கு அஜினின் பைக்கில் போனார்கள். அம்பூரிக்கு இரண்டு தடவை போக வேண்டி வந்தது. பதினொரு நாள். ஒவ்வொரு லேபிலும் என்ன இருந்தது, என்ன மாற்றினேன் என்று அவளே எடுத்துச் சொல்லிவிட்டு வந்தாள். ஃபோனில் ஆறு வருஷம் திட்டினவர்களில் ஒருவர், "நீதான் அந்த ஷிஜியா? குரலைக் கேட்டா தடிச்ச பெண்ணுன்னு நெனச்சேன்" என்று சொல்லி எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாராம். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாளா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அதற்குள் மூன்றாவது டூலைப் பழைய ஃபைல்கள் எல்லாவற்றின் மேலும் ஓடவிட்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஓடி, காலையில் இன்னும் நான்கு பேரைக் காட்டியது. அஜின் ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஃபோன் செய்தான்.

"சேச்சி, அம்மிணிக்குக் கூடப்பிறந்தவங்க நாலு பேரு உண்டு! ஒண்ணு நான் வச்சது, ஒத்துக்கிடுதேன். இன்னொண்ணுக்குப் பேரு என்ன தெரியுமா? கிழக்கேவிள."

"கிழக்கேவிளையா? அது சாருக்க வீட்டுப் பேருல்லா?"

"கம்பெனி தொடங்கின வருஷம். சார் சொந்தக் கையால வச்சது. பதிப்பு நம்பரும் மாய்ச்சிருக்காரு."

ஷிஜி ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதன்பிறகு சார் அம்மிணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கிழக்கேவிளையை அவரே உட்கார்ந்து மாற்றினார் என்று அஜின் சொன்னான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஷிஜி சாப்பாட்டில் ருசி சொன்னதில்லை. பதிலில் நான்கே வரி இருந்தது. கண்டுபிடித்த தேதியும் அடைத்த தேதியும் கேட்டிருந்தார்கள். இதே மாதிரி எழுதிக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒரு கிளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். ஷிஜி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்தாள். எடுத்த தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெறும் தாள்தான்.

இப்போது அவர்கள் இரண்டு டூல் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரையும் வெளியிலிருந்து பேரோடு வருகிற துண்டுகளையும் பார்க்க இரண்டாவது. சொந்த ஃபைல்களைப் பார்க்க மூன்றாவது. அது எந்த ஓட்டை உள்ளுக்குள்ளேயே அடைக்கப்பட்டது என்று சொல்லத் தெரியாததால் தனியாக அதை மட்டும் நம்ப முடியாது என்கிறாள் ஷிஜி. முதலாவதை விட்டுவிட்டார்கள். புதிதாக ஒரு டூல் வந்தால், ஓட்டை இருப்பதாகத் தனக்கு முன்பே தெரிந்த ஒன்றை அதற்குக் காட்டி, காண்கிறதா என்று பார்த்தபிறகுதான் மற்றதைப் பேசுவாள். அதற்காகவே பழைய அம்மிணி ஃபைலை எதிலும் சேராமல் தனியாக ஒரு இடத்தில் வைத்திருக்கிறாள். புது ஃபைலுக்கு எழுதினவர் கொடுத்த பேரே இருக்கிறது. பதிப்பு நம்பர் முதல் வரியில் இருக்கிறது.

அந்த மேசை ஷிஜிக்குக் கிடைத்துவிட்டது. ஃபோன் சீட்டுக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். மாமி லேபில் இப்போதும் தங்கம் என்றுதான் சொல்கிறார். இந்த வாரம் பட்டியலில் அவர்கள் வைத்திருக்கிற துண்டுகளின் பேரில் பதினொரு ஓட்டை வந்தன. ஒன்பது அவர்களுக்குப் பொருந்தாதவை. இரண்டை நேற்று மத்தியானத்துக்குள் அடைத்துவிட்டார்கள்.